அங்கீகாரம் வருமுன் ஒரு விண்ணப்பம்

மயக்க மருந்து கொடுப்பது நன்றி கிடைக்காத தொழில். அதைக் குறையின்றிச் செய்தவரின் முகம் நோயாளியின் நினைவில் நிற்பதே இல்லை. முப்பது வருடம் தாதியாக அத்தொழிலின் பக்கத்தில் நின்றவள் நான். ஐம்பத்துமூன்றாவது வயதில், ஒரு பேரப்பிள்ளை பிறந்த பின்னர், அதற்குள்ளேயே புகுவதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு வந்தது. சான்றிதழ்களைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டுக்கொண்டு இந்த ரொறன்ரோ நகரின் அலுவலகக் கருமபீடங்கள் தோறும் நின்ற வாசகர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கு நடந்தவைதாம் எனக்கும் நடந்தன.

அறிவித்தல் பலகை

அன்று ஓய்வறையில் இருந்தவர்கள் ஐவர்: மூத்த தாதி மோரீன், பிலிப்பீன்ஸ் நாட்டவளான லூஸ், கருவிகளைச் சுத்திகரிக்கும் திரு. டிசூசா, மயக்க மருந்து வைத்தியர் கனகசுந்தரம், நான். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிகளை மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரம் அது. யாருக்கு முதலில் வேலை போகும் என்று காட்டும் பணிமூப்புப் பட்டியலில் தத்தம் பெயர் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் யாரோ குத்தியிருந்த இன்னொரு தாளை நான் பார்த்தேன். எல்லைக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்தில், ஒரு கல்லூரி தாதியருக்கு மயக்க மருந்துப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிறது. பட்டமும் தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவமும் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. பட்டத்தை இங்கேதான் ஆறு வருடம் மாலை வகுப்பில் இருந்து பெற்றேன்.

தாளின் அடியில், சிறிய எழுத்தில், அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது, இன்னும் வழங்கப்படவில்லை என்று இருந்தது. அதன் பொருளை மோரீன் எல்லோருக்கும் கேட்க எடுத்துச் சொன்னாள். முதலாம் அணி படித்து முடிக்குமுன் அங்கீகாரம் வராவிட்டால் அவர்கள் தகுதிப் பரீட்சைக்கு அமர முடியாது. பரீட்சை இல்லையென்றால் வேலை இல்லை. ஒன்ராறியோவிலோ தாதியர் இந்த வேலையைச் செய்ய இடமே இல்லை. ஆகவே இங்கே ஒன்பது வருடப் பணிமூப்பை விட்டுவிட்டு, அங்கே இரண்டரை வருடம் படித்து, ஐம்பத்தாறு வயதில் இரண்டு கரையிலும் இடமில்லாமல் நிற்க நேரலாம். "இங்கே உனக்கு ஆபத்து இல்லை, புவனா," என்றாள் மோரீன், பணிமூப்புப் பட்டியலில் என் பெயரைத் தொட்டு. நான் அந்தத் தாளை இரண்டாம் முறை வாசிப்பதைக் கண்ட கனகசுந்தரம், மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் சொன்னார்: "சிஸ்டர், உது எங்கட தொழிலைக் களவெடுக்கப் பழக்கிற பள்ளிக்கூடமெல்லோ?"

வெறும் வயிறு

தமிழ் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். பித்தப்பைக் கல்லுக்காக வந்த ஒரு அம்மாவிடம், இரவு முதல் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கனகசுந்தரம் தாமே தமிழில் கேட்டார். அந்த அம்மா இல்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வைத்தியர் திருப்தியடைந்து படிவத்தில் குறித்தார். எனக்குத் திருப்தியில்லை. எங்கள் பெண்களிடம் சாப்பாடு என்று கேட்டால் அவர்கள் சோற்றை மட்டுமே நினைப்பார்கள்.

"காலமை தேத்தண்ணி குடிச்சனியளோ, அம்மா?" என்றேன். குடித்தாராம். பால் போட்டதாம். அதனோடு இரண்டு ரஸ்க், அதுவும் குளிசை விழுங்குவதற்காகவாம். சத்திரசிகிச்சை ஆறு மணித்தியாலம் பிந்தியது; மயங்கிக் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் எனக்கு இரங்குபவர் போலப் பார்த்தார். "கந்தசட்டி ஆறு நாளும் நான் பாலும் பழமும் எடுத்துத்தான் விரதம் பிடிக்கிறனான். முருகனே பேசாமல் இருக்கிறார், உங்கட ஒப்பரேஷன் அவரை விடப் பெரிசோ, பிள்ளை?"

கடிதம் இல்லாத வருடங்கள்

ஊரில், போரின் நடுவே நாங்கள் இருந்த கடைசி வருடங்களில், எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வைத்தியர் இருக்கவில்லை. ஒருவர் கொழும்புக்குப் போனார், மற்றவர் லண்டனுக்குப் போனார். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் மட்டும் எஞ்சினார். அவர் வெட்டுவார், தலைமாட்டில் நின்று, அவர் சொல்லும் அளவில் மருந்தைக் கொடுத்து, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொள்வது நான். வீரம் என்று இதை நான் சொல்லவில்லை. வேறு ஆள் இல்லை, ஆகவே செய்தேன், ஒழுங்காகச் செய்தேன்.

ரொறன்ரோவில் என் தகுதிகளை மதிப்பிட்ட அலுவலர் மிகவும் மரியாதையான பெண். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அதை உறுதிப்படுத்தும் கடிதம் இருக்கிறதா என்றார். அந்த நிபுணர் இறந்துவிட்டார், ஆஸ்பத்திரியின் பதிவேடுகள் கூரையோடு எரிந்துவிட்டன என்றேன். அவர் பேனையை எடுத்து, படிவத்தில் அனுபவத்துக்கான கட்டத்தின் மேல் வைத்தார். "அப்படியானால் அது நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்."

இரண்டு விரல்

அவசரமாக வரும் நோயாளியின் வயிறு நிறைந்திருக்கும். அவர் மயங்கும் கணத்தில், அது மேலேறாதபடி, தொண்டையின் முன்புறக் குருத்தெலும்பைத் தாதி ஒருத்தி இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வைத்தியர் மூச்சுக்கான குழாயைச் செலுத்தி, அது சரியான இடத்தில் இருப்பதை உறுதிசெய்து, "விடலாம்" என்று சொல்லும்வரை விடக்கூடாது. குழாய் உள்ளே போய்விட்டது போலத் தெரிகிறதே என்று தாமாக விட்டவர்களால் உண்டான கேடுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஒருநாள் கனகசுந்தரம் குழாயைச் செலுத்தினார். இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். சத்திரசிகிச்சை நிபுணருடன் விட்பியில் தாம் பார்த்த புதுவீட்டின் நிலவறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் பிடித்துக்கொண்டே நின்றேன். பேச்சு நிலவறை முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது என் மணிக்கட்டு மரத்திருந்தது. ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க, "டொக்டர், நீங்கள் இன்னும் சொல்லவில்லை" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். குழாயின் இடத்தை மறுபடி சோதித்தார். விடலாம் என்றார். வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றியபடி கேட்டார்: "நான் சொல்ல மறந்தால் பின்னேரம் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பியளோ, சிஸ்டர்?"

கலியாண எழுத்து

ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸில், மகள் கௌசலாவின் வீட்டில், குடும்பம் கூடியது. நான் கூட்டவில்லை, என் கணவரின் தமையனார் கூட்டினார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், குடும்பத்தில் எதற்கும் இறுதித் தீர்ப்பு வழங்குபவர். மருமகன் தேவன் வங்கியின் கணினிப் பிரிவில் இருப்பவன். அவன் ஒரு தாளில் நன்மை, தீமை என இரு நிரல் போட்டிருந்தான். தீமை நிரல் தாளின் மறுபக்கமும் போயிருந்தது.

"அம்மா, கொஞ்சம் றியலிஸ்ரிக்கா யோசியுங்கோ," என்றாள் கௌசலா. "எல்லாரும் றிட்டயர் பண்ணுற வயசிலை நீங்கள் ஃபேர்ஸ்ட் இயர் போகப் போறியளோ?"

"பெயிலானால் நீ ரியூஷன் தா," என்றேன்.

"மாமி பாஸ் பண்ணுவா, அதிலை பிரச்சினை இல்லை," என்றான் தேவன். "கொலிஜ் பாஸ் பண்ணுமோ எண்டதுதான் பிரச்சினை."

அதிபர் தொண்டையைச் செருமினார். "இஞ்சை பார் பிள்ளை. அங்கீகாரம் இல்லாத இடத்திலை போய்ப் படிக்கிறது, எழுத்து எழுதாமல் குடும்பம் நடத்துற மாதிரி. நாளைக்கு ஒருத்தன் வந்து செல்லாது எண்டால் என்ன மறுமொழி சொல்லுவாய்?" விவாகப் பதிவை எங்கள் பக்கத்தில் எழுத்து என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். தேவன் அந்த உவமையைக்கூடத் தீமை நிரலில் சேர்த்தான் என்று நினைக்கிறேன்.

என் கணவர் அதுவரை வாய் திறக்கவில்லை. ஊரில் நில அளவையாளராக இருந்தவர். அளந்து முடிக்காமல் பேசும் வழக்கம் இல்லாதவர். கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் தமையனாரைப் பார்த்தார். "எங்கட எழுத்து தாலி கட்டி நாலு மாசத்துக்குப் பிறகுதான் நடந்தது, அண்ணை. பதிவுகாரர் காய்ச்சல் வருத்தமாய்ப் படுத்திருந்தவர். அந்த நாலு மாசமும் இவ இந்த வீட்டு மருமகள் இல்லையெண்டு சொல்ல உங்களுக்கே துணிவு வரேல்லை."

பாலத்தில்

கல்லூரியின் விளக்கக் கூட்டத்துக்கு நானும் கணவரும் காரில் போனோம். எல்லைப் பாலத்தில் இருந்த அமெரிக்க அலுவலர் இளைஞர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவர் குனிந்து, என் நரைத்த தலையையும், கணவரின் கழுத்துப்பட்டியையும், பின் இருக்கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்து, முகம் மலர்ந்தார். "வாழ்த்துகள்! யாருக்குப் பட்டமளிப்பு, மகனுக்கா மகளுக்கா?"

குறைகளின் பட்டியல்

தாதியர் வேலைமுறை மாறும்போது ஒருவர் மற்றவரிடம் பொறுப்பைக் கையளிப்போம். அதை நாங்கள் ரிப்போர்ட் என்போம். இத்தொழிலில் உள்ளவர்களுக்கு ஒன்று தெரியும். "எல்லாம் நல்லாயிருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்பவரின் நோயாளிதான் அரைமணியில் நீலம் பாரிப்பார். "இவருக்குச் சிறுநீர் குறைகிறது, காரணம் எனக்குத் தெரியவில்லை, இரண்டு முறை வைத்தியரைக் கூப்பிட்டேன்" என்று சொல்பவரின் நோயாளி பெரும்பாலும் விடியலைக் காண்பார். குறையைச் சொல்லாத கையளிப்பை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. சொல்லும்வரை அவரை வீட்டுக்குப் போகவிட்டதும் இல்லை.

கூட்டத்துக்கு இருபது பேரளவில் வந்திருந்தோம். பயிற்சியின் தலைவி தாமும் ஒரு மயக்க மருந்துத் தாதி, வயதில் என்னிலும் சிறியவர், சப்பாத்து தேய்ந்திருந்தது. கல்லூரியின் அழகிய படங்களைக் காட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் எல்லோருக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். அங்கீகாரச் சபையின் பரிசோதகர்கள் முதல் வருகையில் கண்ட குறைகள், அவர்களுடைய சொற்களிலேயே. பயிற்சிக்கு ஒப்பந்தமான ஆஸ்பத்திரிகள் போதாது. பிள்ளைப்பேற்றுப் பிரிவில் பயிற்சிக்கு இடமில்லை. விரிவுரையாளர் ஒருவர் குறைவு. நூலகத்தில் பழைய பதிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தீர்ந்தது, தீரவில்லை, எப்படித் தீர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை, என அவர் கையால் எழுதியிருந்தார். மூன்றாம் வகையில் இரண்டு இருந்தன.

தேநீர் இடைவேளையின் பின் கதிரைகளில் பாதி வெறுமையாக இருந்தன. மற்றவர்களை நான் குறைகூறவில்லை, பட்டியல் பயங்கரமானதுதான். எனக்கோ, அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தபோது, பல வருடங்களுக்குப் பிறகு ஒழுங்கான ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டது போல இருந்தது. எழுந்து ஒரே கேள்வி கேட்டேன்: தீரவில்லை என்று எழுதியவை தீராமலே போனால் எங்களுக்கு அதை எப்போது சொல்வீர்கள்? அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தெரிந்த அன்றே சொல்வேன், அம்மணி, உங்கள் பணம் இன்னும் எங்களிடம் வராத நாளாக அது இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்."

கடைசி வெள்ளிக்கிழமை

பாலத்தைத் திரும்பக் கடக்குமுன்னரே நான் முடிவுசெய்துவிட்டேன். படிவங்கள், பெறுபேறுகள், கட்டுரை எல்லாம் இரண்டு வாரத்தில் தயாராகின. ஒன்று மட்டும் என் கையில் இல்லை. விண்ணப்பதாரியுடன் வேலை செய்த மயக்க மருந்து வைத்தியர் ஒருவரின் பரிந்துரை கட்டாயம். அது இல்லாத விண்ணப்பம் திறக்கப்படாமலே திரும்பும். என்னுடன் ஒன்பது வருடம் வேலை செய்தவர் ஒருவரே. அந்தப் பள்ளிக்கூடம் தம் தொழிலைக் களவெடுப்பது என்று சொன்னவரும் அவரே.

நான் கெஞ்சவில்லை. படிவத்தை நீட்டி, கடைசித் திகதியைச் சொன்னேன். அவர் நின்றபடியே வாசித்தார். "உதிலை நான் கையெழுத்து வைச்சால், வைத்தியர் சங்கக் கூட்டத்திலை என்ர ஆக்கள் என்னை உரிச்சுப்போடுவினம், தெரியுமோ?"

"தெரியும், டொக்டர்."

"தெரிஞ்சும் கேக்கிறியள்."

"உங்களைத் தவிர என்ர வேலையைப் பார்த்தவை ஒருத்தரும் இல்லை. பொய் எழுதச் சொல்லிக் கேக்கேல்லை. கண்டதை எழுதுங்கோ."

படிவத்தை மடித்து மேலங்கிப் பையில் வைத்தார். மூன்று வாரம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒப்பரேஷன் தியேட்டரில் வழமைபோலக் கட்டளையிட்டார். நான் வழமைபோலச் செய்தேன். லூஸ் மட்டும் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். நான் இல்லை என்று தலையசைப்பேன். "இன்னொருமுறை கேளுங்கள்," என்றாள். ஒருமுறை தெளிவாகக் கேட்டதை இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் என்னிடம் இல்லை.

கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. விரைவுத்தபால் நான்கு மணிக்குப் புறப்படும். ஓய்வறையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தேன். லூஸும் மோரீனும் எதிரே இருந்தார்கள். கனகசுந்தரம் உள்ளே வந்தார். படிவத்தை விரித்து என் முன்னால் வைத்தார். பரிந்துரைப்பவரே உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. நான் வாசிக்கும்வரை ஒட்டாமல், உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

விண்ணப்பதாரியின் பலங்கள் என்ற தலைப்பின் கீழ் பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். அவர் இரண்டே சொல் எழுதியிருந்தார்: கீழே காண்க. கீழே, பலவீனங்கள் என்பதற்கு விட்ட மூன்று வரி போதாமல், அவருடைய எழுத்து ஓரமெல்லாம் ஏறியிருந்தது; அவர் சொற்களிலேயே தருகிறேன். யாரும் கேட்காமலே திருத்துவார். எவ்வளவு அவசரம் என்றாலும் ஒரு படியைக்கூடத் தாண்ட அவரைச் சம்மதிக்க வைக்க முடியாது. நான் சரிபார்த்த மருந்தைத் தாமும் சரிபார்ப்பார். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை பிழை கண்டுபிடித்தார், இரண்டும் என்னுடையவை. தெரியாததைத் தெரியாது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வார், மற்றவர்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பார். எனக்குப் பயப்படுவதில்லை. கடைசியாக, வயது: யாராவது இருபது வருடத்துக்கு முன் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பாதது அவருடைய பிழை அன்று. எல்லாவற்றுக்கும் அடியில், பரிந்துரைக்கிறேன், நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற மூன்று கட்டங்களில் முதலாவதில் அடையாளம் இட்டு, மற்ற இரண்டையும் கோடிட்டு வெட்டியிருந்தார்.

இரண்டாம் முறையும் வாசித்தேன். ஒரு குறையும் பொய்யில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மடித்து, உறையிலிட்டு, ஒட்டி, மேசையில் குனிந்து ஒப்பமிட்டு, என் பக்கம் தள்ளினார். நேரம் இரண்டேகால்.

முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட பாராட்டு, பலவீனங்கள் என்ற தலைப்பின் கீழேயே வந்து சேர்ந்தது. அதை எழுதியவரோ, நான் நன்றி சொல்ல வாயெடுக்குமுன், கதவைத் திறந்து போய்விட்டார்.